கொலைதான் நடந்ததா?

கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒருவர் உண்மையில் குற்றவாளிதானா என்ற ஐயம் எழும்போதெல்லாம், அடுத்த கேள்வியாக 'அப்படியென்றால் கொன்றவர் யார்?' என்பது வந்து நிற்கிறது. அதற்கு விடை கிடைக்காவிட்டால் ஐயத்தையே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். வேறு யாரையும் காட்ட முடியவில்லையே, ஆகவே உள்ளே இருப்பவர்தான் செய்திருக்க வேண்டும் என்று மனம் தானாகவே சமாதானம் அடைந்துவிடுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2004 பிப்ரவரி 17 அன்று விஷ ஊசி செலுத்தி மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கேமரன் டாட் வில்லிங்கமின் வழக்கைப் பற்றி, கைக்குக் கிடைப்பதையெல்லாம் நீண்ட காலமாகப் படித்துவருகிறேன். அந்த வழக்கில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வேறு கொலையாளி ஒருவர் இருந்ததாக அவருக்காக வாதிடுகிறவர்கள்கூடச் சொல்வதில்லை. அவர்கள் கேட்பது, கொலை என்று ஒன்று நடந்ததா என்பதைத்தான்.

டாலஸுக்குத் தெற்கே கோர்சிகானா என்ற சிறு நகரத்தில், 1991 டிசம்பர் 23 அன்று காலை, மரத்தால் கட்டப்பட்ட ஒற்றைத் தள வீடு ஒன்று தீப்பிடித்தது. அப்போது 23 வயதான, வேலை இழந்திருந்த மோட்டார் மெக்கானிக் வில்லிங்கமும் அவருடைய மூன்று பெண் குழந்தைகளும் மட்டுமே வீட்டில் இருந்தார்கள். மூத்தவளுக்கு 2 வயது. மற்ற இருவரும் 1 வயது இரட்டையர். மனைவி கிறிஸ்துமஸ் பரிசுப் பொருள் வாங்க வெளியே போயிருந்தார். மூன்று குழந்தைகளும் இறந்தார்கள். தந்தை சிறு தீக்காயங்களுடன் வெறுங்காலோடு வெளியே வந்தார். மூத்த மகள் கூப்பிட்டதில் விழித்ததாகவும், புகையில் எதுவும் தெரியாமல் குழந்தைகளின் அறையில் தரையைத் தடவித் தேடியதாகவும், தலைமுடி பற்றிக்கொண்ட பிறகு வெளியே ஓடியதாகவும் அவர் காவல்துறையிடம் சொன்னார். குழந்தைகளை விட்டுவிட்டுத் தகப்பன் தப்பிவந்தான் என்பதே ஊரின் பார்வையில் பாதிக் குற்றமாகிவிட்டது. சட்டத்தின் பார்வையில் அது குற்றமே அல்ல என்பதை இந்த வழக்கைப் படிக்கும் ஒவ்வொருவரும் தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கும் அது தேவைப்பட்டது.

தீ அணைந்து நான்கு நாள் கழித்து, உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் அதிகாரி ஒருவரும் மாநிலத் தீ விசாரணைத் துறையைச் சேர்ந்த மானுவேல் வாஸ்கெஸும் கரிந்த வீட்டுக்குள் இறங்கினார்கள். தரையில் குட்டை குட்டையாகவும் நீண்ட கோடுகளாகவும் ஆழமாகக் கரிந்திருந்த வடுக்களைக் கண்டு, இவை எரிதிரவம் ஊற்றப்பட்ட தடங்கள் என்றார்கள். ஜன்னல் கண்ணாடித் துண்டுகளில் சிலந்தி வலை போல நுண்ணிய விரிசல்கள் இருந்தன. அளவுக்கு மீறிய வேகத்தில் வெப்பம் ஏறியதற்கு அது அடையாளம் என்றார்கள். வாசல்படியின் அலுமினியப் பட்டை உருகியிருந்ததைப் பார்த்து, வெறும் மரம் எரிந்தால் அவ்வளவு சூடு வராது என்றார்கள். தீ ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொடங்கியிருக்கிறது, ஆகவே யாரோ வைத்த தீ என்று முடித்தார்கள். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட அடையாளங்களை வாஸ்கெஸ் பட்டியலிட்டார். தீயே தன் கதையைச் சொல்கிறது, தான் அதை மொழிபெயர்ப்பவன் மட்டுமே என்ற தொனியில் அவர் நீதிமன்றத்தில் பேசினார். தான் விசாரித்த ஆயிரத்துக்கு மேற்பட்ட தீ விபத்துகளில் கிட்டத்தட்ட எல்லாமே வைக்கப்பட்ட தீக்கள் என்றும் சாட்சியம் சொன்னார். தன்னிடம் வந்த தீயெல்லாம் வைத்த தீ என்று ஒரு விசாரணையாளர் சொன்னால், முதலில் அவருடைய கண்ணைப் பற்றித்தான் கேள்வி எழ வேண்டும். அந்தக் கேள்வி அன்று எழுந்ததாகத் தெரியவில்லை.

அந்த அடையாளங்கள் ஒவ்வொன்றையும் அருகில் போய்ப் பார்க்கலாம். மூடிய அறையில் சோபாவோ மெத்தையோ பற்றிக்கொள்ளும்போது, சூடான புகையும் வாயுக்களும் மேலெழுந்து கூரைக்கு அடியில் படலமாகத் திரள்கின்றன. படலம் தடித்துக் கீழிறங்கி, ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது, அதிலிருந்து வீசும் வெப்பத்தில் அறையிலுள்ள பொருட்கள் யாவும் ஏறக்குறைய ஒரே நொடியில் தீப்பற்றுகின்றன. தீயியலாளர்கள் இதை ஃபிளாஷ்ஓவர் என்கிறார்கள். அதுவரை அறைக்குள் ஒரு தீ இருந்தது. அதற்குப் பிறகு அறையே தீயாகிவிடுகிறது. அப்போது தரைவிரிப்பும் அதற்குக் கீழுள்ள பலகையும் எரிகின்றன. காற்று வரும் வாசலையும் ஜன்னலையும் ஒட்டித் தீ இன்னும் கடுமையாகத் தரையைத் தின்கிறது. எரிதிரவம் ஒரு சொட்டுகூட இல்லாமல், ஊற்றியது போன்ற வடுக்கள் உண்டாகின்றன. ஒரே ஒரு இடத்தில் தொடங்கிய தீயும் பல இடங்களில் தொடங்கியது போன்ற தோற்றத்தை விட்டுச்செல்கிறது.

இது பின்னாளில் யாரோ கிளப்பிய கருத்தல்ல. புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் 1990-இல் ஆறு பேர் இறந்த ஒரு வீட்டுத் தீயில், அந்த வீட்டுக்காரர் மீது இதே வகை வடுக்களை வைத்துக் கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. தன் குழந்தை தீக்குச்சியால் சோபாவைப் பற்றவைத்துவிட்டதாக அவர் சொன்னார். அரசுத் தரப்புக்கு உதவ வந்த தீயியல் வல்லுநர்கள், இடிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்த, ஏறக்குறைய அதே அமைப்புள்ள பக்கத்து வீட்டை எடுத்துக்கொண்டார்கள். அதே வகைத் தரைவிரிப்பு, திரைச்சீலை, இருக்கைகள் எல்லாவற்றையும் போட்டு, சோபாவை மட்டும் பற்றவைத்தார்கள். அவர் சொன்னது பொய் என்று நிரூபிப்பதே நோக்கம். ஐந்து நிமிடத்துக்குள் ஃபிளாஷ்ஓவர் நிகழ்ந்தது. கூடத்திலும் தரையிலும் எரிதிரவம் ஊற்றியது போன்ற அதே வடுக்கள் விழுந்தன. வழக்கு கைவிடப்பட்டது. வில்லிங்கம் வழக்கு விசாரணைக்கு வந்த 1992-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் தீ விசாரணைக்கான 921 எண் வழிகாட்டியை வெளியிட்டு, இந்தப் பழைய நம்பிக்கைகளை அறிவியல் அடிப்படையில் கேள்விக்கு உட்படுத்தியது. அறிவு அப்போதே இருந்தது. கோர்சிகானாவின் நீதிமன்றத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை.

கண்ணாடி விரிசலைப் பற்றிய நம்பிக்கையும் இப்படியே உடைந்தது. 1991-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய பெருந்தீக்குப் பிறகு வல்லுநர்கள் எரிந்த வீடுகளைச் சுற்றிப் பார்த்தபோது, எரிதிரவத்துக்கு வாய்ப்பே இல்லாத வீடுகளிலும் அதே சிலந்தி வலை விரிசல் இருந்தது. சூடான கண்ணாடியில் தீயணைப்புக் குழாயின் தண்ணீர் பட்டு அது சட்டெனக் குளிரும்போது அப்படி விரிசல் விழுகிறது. தீ வைத்தவனின் கைரேகை என்று கருதப்பட்டது, தீ அணைக்க வந்தவர்களின் தடமாக இருக்கலாம் என்றாகிவிட்டது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மரம் எரியும் வீட்டுத் தீயில் அதைவிட அதிக வெப்பம் உண்டாவது இயல்பு. பெட்ரோல் தீ மரத்தீயைவிட மிகுந்த சூடு உடையது என்பது பரவலான நம்பிக்கைதான், ஆனால் தவறான நம்பிக்கை.

வீட்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய மாதிரிகளில் ஒரே ஒன்றில்தான் எரிதிரவம் இருந்தது. அது முன்வாசலை ஒட்டி எடுத்த மாதிரி. அந்த வாசல் திண்ணையில் கரி அடுப்பு ஒன்று இருந்தது தீக்கு முந்தைய புகைப்படத்தில் தெரிகிறது. அடுப்பைப் பற்றவைக்கப் பயன்படும் திரவத்தின் குப்பி உருகிய நிலையில் அங்கே கிடைத்ததும் பதிவில் உள்ளது. வீட்டுக்குள்ளிருந்து எடுத்த மாதிரி எதிலும் எதுவும் இல்லை.

அவருடைய பாதங்கள் கருகவில்லை என்பதை வைத்தும் ஒரு வாதம் கட்டப்பட்டது. தரை எரிந்துகொண்டிருந்தபோது கூடத்தின் வழியே ஓடிவந்தவருக்குக் காலில் காயமில்லாமல் எப்படி என்று கேட்டார்கள். ஃபிளாஷ்ஓவருக்கு முந்தைய கட்டத்தில் வெப்பம் முழுதும் மேலே இருக்கும், தரை நடக்கக்கூடிய நிலையில் இருக்கும் என்பதை அறிந்தவருக்கு இந்தக் கேள்வியே எழாது. தலைமுடி பற்றி, பாதம் தப்பியது என்ற அவருடைய வாக்குமூலம், தீ உண்மையில் இயங்கும் விதத்தோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

என்னை இந்த வழக்கில் மிகவும் உறுத்துவது தீயைப் பற்றிய தவறுகூட அல்ல. அந்தத் தவறுக்குப் பிறகு மனிதர்களின் நினைவு எப்படி வளைந்தது என்பதுதான். அக்கம்பக்கத்தார் முதலில் சொன்னபோது, அவர் முற்றத்தில் நின்று குழந்தைகள் எரிகிறார்கள் என்று கதறியதாகச் சொன்னார்கள். காவல்துறையின் ஆன்மிக ஆலோசகராக அங்கே வந்திருந்த பாதிரியார், எரியும் வீட்டுக்குள் மீண்டும் ஓட முயன்றவரை அடக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது, கைவிலங்கு போட நேர்ந்தது என்றார். தீ வைக்கப்பட்டது என்ற செய்தி பரவிய பிறகு அதே வாய்கள் வேறு விதமாகப் பேசின. அவர் பெரிதாகப் பதறியதாகத் தெரியவில்லை, குழந்தைகளைவிட முற்றத்தில் நின்ற தன் காரைத் தள்ளி நிறுத்துவதில்தான் அக்கறை காட்டினார், அவருடைய அழுகையில் ஏதோ நடிப்பு தெரிந்தது என்று சாட்சியங்கள் மாறின. இவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. வல்லுநர் ஒருவர் இது கொலை என்று சொல்லிவிட்ட பிறகு, பார்த்த காட்சிக்கே புதிய பொருள் ஏறிவிடுகிறது. முதற்கோணல் முற்றும் கோணல் என்பார்கள். தீயறிக்கை என்ற முதற்கோணலுக்கு ஏற்றபடி மற்ற சாட்சியங்கள் அனைத்தும் தம்மை வளைத்துக்கொண்டன. பிறகு அவை தனித்தனிச் சான்றுகளாக எண்ணப்பட்டன. ஒரே சான்றின் நிழல்கள் என்று யாரும் கணக்கில் கொள்ளவில்லை.

சிறையில் உடனிருந்த கைதி ஒருவர், வில்லிங்கம் தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சாட்சி சொன்னார். முன்பின் பழக்கமில்லாத ஒருவரிடம், கம்பி இடுக்கு வழியாக, கொலையை ஒப்புக்கொள்ளும் கைதிகள் நீதிமன்ற ஆவணங்களில் வரும் அளவுக்கு உலகத்தில் இருக்கிறார்களா என்பது என்னுடைய நீண்டநாள் ஐயம். அந்தச் சாட்சி பிற்காலத்தில் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற முயன்றார். சலுகைக்காகப் பொய் சொன்னதாக 2014-இல் பத்திரிகையாளர்களிடம் தெரிவித்தார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் அப்படி எந்தப் பேரமும் இருக்கவில்லை என்று மறுத்தார். இது குறித்து மாநில வழக்கறிஞர் சங்கம் தொடுத்த ஒழுங்கு நடவடிக்கையில், 2017-இல் ஜூரிகள் அவர் தவறிழைக்கவில்லை என்றே தீர்ப்பளித்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

நோக்கம் என்ன என்று அரசுத் தரப்பால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. குழந்தைகள் பேரில் இருந்த காப்பீடு மொத்தமே 15,000 டாலர். அதற்கும் பணம் கட்டியவரும் பயனாளியும் மனைவியின் தாத்தா. நோக்கம் இல்லாத இடத்தில் குணம் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. அவர் மனைவியை அடித்தவர், கர்ப்பமாக இருந்தபோதும் அடித்தவர் என்பதற்குச் சாட்சியம் இருக்கிறது. அவருடைய வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த ராக் இசைக்குழுப் படங்களில் மரணத்தின் மீதான நாட்டத்தைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. ஜேம்ஸ் கிரிக்சன் என்ற மனநல மருத்துவர், வில்லிங்கமை ஒருமுறையேனும் நேரில் பரிசோதிக்காமலேயே, இவர் திருத்த முடியாத சமூக விரோத மனநிலை கொண்டவர் என்று சாட்சி சொன்னார். இப்படிப் பார்க்காமலேயே கணிப்புச் சொல்லும் வழக்கத்துக்காக, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அவரை 1995-இல் வெளியேற்றியது. மனைவியை அடிக்கும் ஒருவரை நல்லவர் என்று வாதிட எனக்கு விருப்பமில்லை, அந்த அவசியமும் இல்லை. இந்த ஐயம் நிற்பதற்கு அவர் நல்லவராக இருக்க வேண்டியதில்லை.

1992 ஆகஸ்டில் நடந்த விசாரணை இரண்டே நாளில் முடிந்தது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர்கள் தேடிப் பிடித்த தீ வல்லுநரும் அரசுத் தரப்பின் கருத்தையே ஆமோதித்ததால் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் உயிர் தப்பும், ஆயுள் தண்டனை என்று முன்பே ஒரு வாய்ப்பு வழங்கப்பட்டிருந்தது, வில்லிங்கம் மறுத்துவிட்டார். அவருடைய சொந்த வழக்கறிஞர்களே அதை ஏற்கும்படி வற்புறுத்தினார்கள். ஜூரிகள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் குற்றவாளி என்று முடிவு செய்தார்கள்.

தண்டனை நாள் நெருங்கியபோது, ஆஸ்டினைச் சேர்ந்த வேதியியலாளரும் தீ ஆய்வாளருமான ஜெரால்டு ஹர்ஸ்ட், ஊதியம் வாங்காமல் ஆவணங்களைப் பரிசீலித்து, தீ வைக்கப்பட்டதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதினார். அறிக்கை கருணை மனு வாரியத்துக்கும் ஆளுநர் ரிக் பெர்ரியின் அலுவலகத்துக்கும் அனுப்பப்பட்டது. வாரியம் ஒருமனதாக மனுவை நிராகரித்தது, ஆளுநர் தலையிடவில்லை. செய்யாத குற்றத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் துன்புறுத்தப்பட்டதாகச் சொல்லிவிட்டு, முன்னாள் மனைவியைக் கெட்ட வார்த்தையால் திட்டியபடியே வில்லிங்கம் இறந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் எர்னஸ்ட் வில்லிஸ் என்ற இன்னொரு மரண தண்டனைக் கைதி டெக்சாஸ் சிறையிலிருந்து விடுதலையாகி வீட்டுக்குப் போனார். ஐரான் என்ற ஊரில் 1986-இல் இரண்டு பெண்கள் இறந்த வீட்டுத் தீக்காக அவர் 17 ஆண்டுகள் மரண தண்டனைக் கொட்டடியில் இருந்தார். அவரும் எரியும் வீட்டிலிருந்து தப்பிவந்தவர். அவருடைய பாதங்களும் கருகவில்லை. அவருடைய நடத்தையும் சாட்சிகளுக்குப் போதிய துயரமாகத் தெரியவில்லை. அங்கேயும் தரையின் வடுக்களே எரிதிரவத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டன. மத்திய நீதிபதி ஒருவர் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டபோது, அந்த மாவட்டத்தின் புதிய அரசு வழக்கறிஞர் அதே ஹர்ஸ்டை அழைத்துக் கருத்துக் கேட்டார். அவர் சொன்னதை ஏற்று வழக்கைக் கைவிட்டார். ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, ஒரே வல்லுநர், ஏறக்குறைய ஒரே அறிவியல். கேட்டவர் மாறியதைத் தவிர, இரண்டுக்கும் இடையில் வேறு எந்தப் பெரிய வித்தியாசத்தையும் என்னால் காண முடியவில்லை.

டெக்சாஸ் தடயவியல் ஆணையம் பிறகு இதை விசாரிக்க எடுத்துக்கொண்டது. ஆணையம் அமர்த்திய கிரெய்க் பெய்லர் என்ற தீயியலாளர், வைத்த தீ என்ற முடிவுக்கு அடிப்படை இல்லை என்று 2009 ஆகஸ்டில் எழுதினார். அவரை ஆணையம் நேரில் விசாரிக்கவிருந்த கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஆளுநர் பெர்ரி ஆணையத்தின் தலைவர் உட்பட மூன்று பேரை மாற்றினார். அவர்களுடைய பதவிக்காலம் முடிந்துவிட்டது என்பது விளக்கம். கூட்டம் ரத்தானது. 2011-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர், 2005-க்கு முந்தைய சான்றுகளைப் பற்றி முடிவு சொல்ல ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று கருத்துத் தெரிவித்தார்.

எதிர்ப்பக்கத்தில் சொல்லப்படுவதையும் நான் ஒதுக்கவில்லை. முன்னாள் மனைவி பிற்காலத்தில், கடைசிச் சந்திப்பில் அவர் தன்னிடம் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். ஆனால் அதற்கு முன்பு அவர் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று வெளியே இருந்து தீர்மானிக்க வழியில்லை. வில்லிங்கமின் விவரிப்பில் முரண்கள் இருந்ததும் உண்மை. தீ எப்படித்தான் பிடித்தது என்பதற்கு, எரிவாயுக் கணப்பு, மின்கம்பி என்று ஊகங்களைத் தவிர உறுதியான விடை எதுவும் இல்லை. ஆகவே அவர் நிரபராதி என்பது ஐயமற நிரூபணமானதாக நான் சொல்லத் தயாரில்லை. ஆனால் அதை நிரூபிப்பது அவருடைய வேலையாக எப்போதும் இருந்ததில்லை. தீ விசாரணையில் 'காரணம் தீர்மானிக்க இயலவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடுவது அன்றாடம் நடப்பது. 1992-இல் அந்த வரி எழுதப்பட்டிருந்தால், மாறிய சாட்சிகளும் சிறைக் கைதியின் கதையும் சுவரொட்டிப் படங்களும் நீதிமன்றத்துக்குள் நுழைந்திருக்கவே முடியாது.

2013-இல் டெக்சாஸ் ஒரு சட்டம் இயற்றியது. தண்டனைக்கு அடிப்படையாக இருந்த அறிவியல் பிற்காலத்தில் பொய்த்துப் போனால், கைதி மீண்டும் நீதிமன்றத்தை அணுகலாம் என்பது அதன் சாரம். நல்ல சட்டம், ஆனால் அணுகுவதற்குக் கைதி உயிரோடு இருக்க வேண்டும். வில்லிங்கமின் உறவினர்கள் கேட்டதன் பேரில் 2010-இல் ஆஸ்டின் நீதிபதி ஒருவர் தொடங்கிய விசாரணையை மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. இறந்தவருக்கு மன்னிப்பு வழங்கும்படி குடும்பத்தார் கொடுத்த மனுவைக் கருணை மனு வாரியம் 2014-இல் நிராகரித்தது. தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அதைத் தாங்கிய தீயறிக்கையைத் தேர்ந்த தீயியலாளர் எவரும் இன்று கையெழுத்திட மாட்டார் என்பது, அதை மாற்றப் போதுமான காரணமாக அந்த மாநிலத்தில் எந்த அதிகார அமைப்புக்கும் இதுவரை படவில்லை.